மூன்றாம் தகடு

லைப்ஸிக், 1881

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பதினெட்டு வருஷமாகச் சுரங்களை
ஈயத் தகட்டில் அடித்து இறக்குகிறேன்,
வலமிருந்து இடமாக,
கண்ணாடிக்குள் எழுதுகிறவன் மாதிரி.
என் காதுக்கு எட்டுவது ஒரே ராகம்:
டக். டக். டக்.
சவ ஊர்வலமும் கல்யாண நடனமும்
சுத்தியலுக்கு ஒன்றுதான்.
பக்கக் கணக்கில் கூலி.

கோர்லிட்ஸிலிருந்து தபாலில் வந்தது அந்தப் பிரதி.
மேலே 'அ. ரோஸ்லர்', அவ்வளவுதான்.
மீசை வைத்த ஒருவரை நானே கற்பித்துக்கொண்டேன்.
கடைசித் தாளின் ஓரத்தில்
மாவு பட்ட கட்டைவிரல் ரேகை இருந்தது.
அதையும் அந்த மீசைக்காரருக்கே கொடுத்தேன்.

'கொடித்துணியில் உறைபனி' என்று பெயர்.
முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.
"சலவைக்கு யாரய்யா காசு கொடுப்பான்?"
மறுநாள் அது 'வனதேவதையின் பெருமூச்சு' ஆயிற்று.
அட்டையில் சிறகு முளைத்த ஒருத்தி,
குளிருக்குக் காணாத உடுப்பில்.

மூன்றாம் தகட்டில் தவறிவிட்டேன்.
அன்று கடைவாய்ப் பல் வலி.
ஒரு தாழ்வுக்குறி அடிபடாமல் நின்றுபோனது,
எறும்பின் கால் அளவு.
கறுப்புக் கட்டையில் இறங்க வேண்டிய விரல்
வெள்ளையில் போய் நிற்கும்.

மெய்ப்பு திரும்பி வந்தது.
பதினான்கு திருத்தம், எல்லாம் சிவப்பு மை.
அந்த இடத்தில் மட்டும் பென்சிலில், பொடி எழுத்தில்:

"தகடு வெட்டுகிறவருக்கு.
நான் எழுதியது வேறு.
இரண்டையும் ராத்திரி முழுக்க வாசித்துப் பார்த்தேன்,
கீழ்வீட்டார் கம்பால் கூரையை இடிக்கும் வரை.
துணி விறைத்துப்போய்த் தொங்குவது
உங்களுடையதில்தான் கேட்கிறது.
அப்படியே இருக்கட்டும்.
அடெல்குண்டே ரோஸ்லர்."

அடெல்குண்டே.
மீசையை எடுத்துவிட்டேன்.

பிழை நேர்ந்தால் நாங்கள்
தகட்டைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டுவோம்.
குழி மேலெழும், சமமாகும், போயே போய்விடும்.
முதுகில் தட்டிக்கொடுப்பது எங்கள் தொழிலில்
இல்லாமல் ஆக்குவது.
அன்று தட்டவில்லை.
கூலியில் எதுவும் பிடிக்கவும் இல்லை.

விற்றது நாற்பத்தொரு பிரதி.
அதில் ஆறு, ஆசிரியரே வாங்கியது.

போன இலையுதிர்காலத்தில்
உருக்க வேண்டியவற்றின் பட்டியல் சுவரில் தொங்கியது.
'ர'வரிசையில் அவள்.
கொப்பரையில் நான்தான் போட்டேன்.
வேறு யாரிடமும் தர மனம் வரவில்லை என்பதல்ல,
அன்று என் முறை.
பனி உருகுவதுபோல் என்று எழுதக் கை வருகிறது.
இல்லை. ஈயம் ஈயம் மாதிரிதான் உருகியது,
நாற்றத்தோடு.
மறுவாரம் அதே ஈயத்தில்
குதிரைப்படை அணிநடை ஒன்று வெட்டினேன்.
அது பன்னிரண்டாயிரம் போயிற்று.

இந்தப் பிப்ரவரியில்,
தோல்பதனிடும் சந்தின் முனை,
அடுப்புப் புகைக்காக ஒருக்களித்த ஜன்னல்.
உள்ளே பியானோ.
கேட்டதும் அடையாளம் கண்டேன் என்றால் பொய்.
வாசிப்பு ஓரிடத்தில் தடுக்கி நின்றது.
ஒரு பெண்குரல் சலித்துக்கொண்டது:
"இந்தத் தேவதையோடு எப்போதும் இதே இடத்தில் தொல்லை."
இன்னொரு குரல், வாயில் எதையோ மென்றபடி:
"அச்சுப்பிழையாக இருக்கும். கறுப்பைத் தொடு."

தொட்டாள்.
சுரம் வழுக்கிக்கொண்டு போயிற்று.
இனிமைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.
கொடியில் துணி நெகிழ்ந்து ஆடியது.

ஆக,
முதலில் என்னுடையது, பிறகு அவள் எழுதியது.
இரண்டையும் கேட்டாயிற்று,
என் பதினெட்டு வருஷத்தில்
நான் வெட்டிய ஒன்றை முதல்முறையாக.

கீழே இருந்து கத்தலாமா என்று பார்த்தேன்.
அம்மணி, அது பிழை இல்லை.
பிழைதான், ஆனால்

டிராம் வண்டிக் குதிரை மணியோடு வந்தது.
சுவரோரம் ஒதுங்கினேன்.